பக்கத்து வீட்டுக் கிண்ணம்

செலரி வாங்கும்போது இலையைப் பார்த்து ஏமாறக் கூடாது ஐயா. கடைக்காரர்கள் தண்ணீர் தெளித்துத் தெளித்து இலையைப் பச்சையாகவே வைத்திருப்பார்கள். தண்டை முறித்துப் பார்க்க வேண்டும். படக்கென்று முறிந்தால் வாங்கலாம். நார் இழுத்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். எங்கள் ஸெஃப்ரூ சந்தையில் என்னைக் கண்டாலே நல்ல கட்டைத் தனியாக எடுத்து நீட்டுவார்கள். யம்னாவிடம் வாடியதைத் தள்ள முடியாது என்பது ஊருக்கே தெரியும்.

என் தம்பி அல்லாலின் மனைவி தூரியா எப்படி இறந்தாள் என்று கேட்டீர்கள். பதில் அடுப்பங்கரையில்தான் இருக்கிறது, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். இந்தப் போலீஸ் நிலையத்துக்கு யாரும் என்னை இழுத்து வரவில்லை. நானாகத்தான் வந்தேன். பக்கத்து அறையில் மஹ்ஜூபா அழுகிற சத்தம் இங்கே வரை கேட்கிறது. எங்கள் வீட்டுக்கு அடுத்த வாசல் அவளுடையது. வெள்ளந்தி மனுஷி. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். செய்யாத காரியத்துக்கு ஒருத்தி அழுதுகொண்டிருக்க, நான் வீட்டில் உட்கார்ந்து பெருநாள் பலகாரம் சாப்பிட முடியுமா? எனக்கும் மனச்சாட்சி இருக்கிறது.

எங்கள் அம்மா இறந்தபோது அல்லாலுக்குப் பால்பல் விழவில்லை. நான்தான் வளர்த்தேன். எனக்கும் வரன்கள் வந்தன. வேண்டாம் என்றேன். தம்பிக்காக வேண்டாம் என்றேன் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. அவன் தையல் கற்றான், கடை போட்டான், ஜெல்லாபா அங்கி தைப்பதில் பேர் எடுத்தான். ரமலானில் அவனுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பெருநாளுக்கு ஊரே புது அங்கி கேட்கும். நாளெல்லாம் நோன்போடு குனிந்து தைத்துவிட்டு, நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்குச் சற்று முன்னால் ஓடி வருவான். கதவைத் திறக்கும்போதே "அக்கா, தெருமுனையிலேயே மணக்குதே" என்பான். அந்த ஒரு வார்த்தைக்காக நான் மதியத்திலிருந்து அடுப்பருகே நிற்பேன். பொய் எதற்கு, அதற்காகத்தான் நின்றேன்.

எங்கள் வீட்டு ஹரீரா சூப்பில் கறி கிடையாது. கறி போட்டால் கறி ருசிதான் வரும், சமைத்தவளின் ருசி எங்கே வரும்? முதல் நாளே ஊறவைத்த கொண்டைக்கடலையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தேய்த்துத் தோலெடுக்க வேண்டும். தக்காளியைத் துருவ வேண்டும், நறுக்கக் கூடாது. வெங்காயம், செலரி, கொத்தமல்லி, பருப்பு, இஞ்சி, மஞ்சள், மிளகு, நாள்பட்ட வெண்ணெய் ஒரு உருண்டை. எல்லாம் வெந்து குழைந்தபிறகு புளித்த மாவுக் கரைசலை நூல்போல ஊற்றிக்கொண்டே கிளற வேண்டும். ஒரு நொடி கை நின்றால் கட்டி தட்டிவிடும்.

இத்தனையும் நோன்போடு செய்கிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள். உப்பு சரியா, புளிப்பு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்க்க நோன்பாளிக்கு மனம் துணியாது. சிலர் நுனிநாக்கில் தொட்டுத் துப்பிவிடுவார்கள். நான் அதையும் செய்ததில்லை. ஆவியில் முகத்தை நீட்டினால் எனக்குத் தெரிந்துவிடும். எத்தனை ரமலான், என் மூக்கு ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. பாங்குக்கு முன்னால் அண்டை வீடுகளுக்குக் கிண்ணத்தில் அனுப்புவோம், அவர்களும் அனுப்புவார்கள். நான் அனுப்பிய கிண்ணங்கள் பேரீச்சம்பழத்தோடு திரும்பி வரும், கூடவே "யம்னா கை யாருக்கு வரும்" என்ற பேச்சும் வரும்.

அல்லால் வயது கடந்துதான் கல்யாணம் செய்துகொண்டான். தூரியா ஃபெஸ் நகரத்துக்காரி. பேச்சில் தேன் ஒழுகும். என்னை மதினி மதினி என்று காலைச் சுற்றி வந்தாள். நானும் அவளிடம் குறை வைக்கவில்லை. அவளும் நோன்பு பிடித்தாள், காய் நறுக்கிக் கொடுத்தாள், கரண்டி என் கையில் இருந்தது. அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிற்று. திங்கள், புதன், வெள்ளி மருத்துவமனைக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவாள். நோன்பு அவளுக்கு இல்லை என்றாகிவிட்டது. பத்தியமும் வந்தது. அந்த டாக்டரம்மா என்னை எதிரே உட்காரவைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"காய்கறியில ஒரு சத்து இருக்கு, பொட்டாசியம்னு பேரு. நமக்கு அது நல்லது, மிச்சத்தை சிறுநீரகம் வெளிய தள்ளிடும். இவங்களுக்குத் தள்ள ஆளில்ல. ரத்தத்துல சேர்ந்துடுச்சுன்னா இதயம் நின்னுடும். காயைத் தோல் சீவி ஊறவைங்க. வேகவெச்சு அந்தத் தண்ணிய கொட்டுங்க. மறுபடி புதுத் தண்ணியில வேகவெச்சு அதையும் கொட்டுங்க. தக்காளி, பருப்பு, கடலை, செலரி வேண்டவே வேண்டாம். புரிஞ்சுதாம்மா?"

புரிந்தது என்றேன். புரியாமல் என்ன? இதை அழுத்திச் சொல்லக் காரணம், பிறகு யாராவது வந்து அந்தக் கிழவிக்கு விவரம் தெரியாது என்று எனக்காகப் பரிந்து பேசக் கூடாது. எனக்கு எல்லா விவரமும் தெரியும்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு நாளும் தவறாமல் அவளுக்குத் தனி அடுப்பில் இரண்டு முறை வடித்துச் சமைத்தேன். சத்து முழுவதும் சாக்கடைக்குப் போகும். மிஞ்சுவதைத் தட்டில் வைத்தால் அவள் பெருமூச்சு விடுவாள். "வைக்கோல் மெல்லற மாதிரி இருக்கு மதினி" என்பாள். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு "உங்களைச் சொல்லல, என் தலையெழுத்தைச் சொன்னேன்" என்பாள். நல்ல பெண்தான். அதை நான் மறுக்கவில்லை.

போன வருஷ ரமலானில் ஒரு பிற்பகல், அவள் அடுப்பருகே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஆவியில் முகம் நீட்டினேன். அவள் சிரித்தாள்.

"ஏன் மதினி மூக்கை வெச்சுக்கிட்டு சிரமப்படறீங்க? எனக்குத்தான் நோன்பு இல்லையே. ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாக்கட்டுமா? ஒரு சொட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க."

கொடுத்தேன். அவள் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு "கொஞ்சம் எலுமிச்சை பிழியலாம்" என்றாள். எனக்குத் தேவையாகப் படவில்லை. நோயாளி ஆசைப்படுகிறாள் என்று பிழிந்தேன். அன்று மாலை அல்லால் இரண்டு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"அக்கா, இன்னிக்கு என்ன பண்ணின? புதுசா இருக்கே!"

நான் வாய் திறப்பதற்குள் தூரியா சொன்னாள். "நான்ல ருசி பாத்தேன்!"

"அதானே பாத்தேன்" என்றான் அவன்.

அவ்வளவுதான் ஐயா. அதானே பாத்தேன். என் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. அன்றிலிருந்து தினமும் அவள் முக்காலி அடுப்பருகே வந்துவிட்டது. இன்று உப்பு, நாளை மிளகு, மறுநாள் ஒரு பிடி கொத்தமல்லி. ஒரு நாளாவது அப்படியே இருக்கட்டும் என்று சொன்னாளா? சொல்லவில்லை. அல்லால் கதவைத் திறந்ததும் மணக்குது என்பதை விட்டுவிட்டான். "தூரியா ருசி பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவான். கடலை தோலுரித்தது நான், வேகிற நெடியில் நின்றது நான், நோன்பும் எனக்கு. பேர் மட்டும் முக்காலியில் உட்கார்ந்து ஒரு சொட்டு நக்கியவளுக்கு. எனக்கு வயிறு எரிந்தது. எரியாது என்று சொல்லும் பெண் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், நான் பார்க்கிறேன். ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். அந்த ரமலான் முழுவதும் பொறுத்துக்கொண்டேன். இரண்டு முறை வடிப்பதையும் விடவில்லை.

இந்த வருஷம் ரமலானின் முதல் வெள்ளிக்கிழமை, அல்லால் தன் கடை ஆட்களை நோன்பு திறக்க அழைத்திருந்தான். பெரிய பானை வைத்தேன். எல்லோரும் வழித்து வழித்துக் குடித்தார்கள். பித்தான் கட்டும் முதியவர் ஒருவர் "இந்த ஹரீராவுக்கு ஃபெஸ்லேருந்துகூட நடந்து வரலாம்" என்றார். என் தம்பி சிரித்துக்கொண்டே தூரியாவின் தோளைத் தட்டினான்.

"ஃபெஸ்லேருந்துதானே வந்திருக்கு! எல்லாம் என் வீட்டுக்காரி நாக்கு. அக்காவுக்குக் கை இருக்கு, இவளுக்கு நாக்கு இருக்கு. கை யாருக்கு வேணா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். தூரியா "சும்மா இருங்க" என்று அவனைக் கிள்ளினாள். நான் கிண்ணங்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் அவளுடைய காயை வடிக்கவில்லை. மறந்துவிட்டது என்றுதான் முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதற்கு மறுநாளும் மறந்தேன். பிறகு ஒரு கரண்டி எங்கள் பானையிலிருந்து மொண்டு அவளுடையதில் ஊற்றினேன். அவள் முகம் மலர்ந்தது. "இன்னிக்கு சாப்பாட்டுல உசிரு இருக்கு மதினி" என்றாள். எனக்கு அவள்மேல் கோபமே இல்லாமல் போயிற்று. நான் விஷம் எதுவும் வைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். சந்தையில் முறித்துப் பார்த்து வாங்கிய செலரி, துருவிய தக்காளி, கடலை. ஊரில் எந்தத் தாயும் பிள்ளைக்கு ஊட்டுகிற சாப்பாடு. அதைத்தான் கொடுத்தேன்.

அந்த வாரமே அவளுக்குக் கால் கல்லாகக் கனத்தது, நெஞ்சு தாறுமாறாக அடித்தது. மருத்துவமனையில் உடனே இயந்திரத்தில் போட்டுப் பிழைக்கவைத்தார்கள். டாக்டரம்மா திட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அல்லாலுக்கு என்மேல் சந்தேகம் வரவில்லை. வந்திருந்தால்கூட எனக்கு இத்தனை வலித்திருக்காது. வீட்டுக்கு வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து அன்பாகப் பேசினான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. உனக்கும் வயசாச்சு. நோன்பும் அதுவுமா ரெண்டு அடுப்பைப் பாக்கறது கஷ்டம். மஹ்ஜூபா அக்காகிட்ட சொல்லிட்டேன். அவங்க வீட்டுக்காரருக்கும் இதே சீக்குதானே இருந்துச்சு, வடிச்சு வடிச்சுப் பழகின கை. தூரியாவுக்கு இனிமே அங்கேருந்து வந்துடும். அவ நம்ம பானைப் பக்கமே வர வேண்டாம், ருசி பாக்கறதும் வேண்டாம். நீ நிம்மதியா இரு."

நிம்மதியாம். என் வீட்டில், என் அடுப்பு இருக்க, பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது. தெருவே பார்க்கும். ஏன் யம்னாவுக்குக் கை விழுந்துவிட்டதா என்று கேட்கும்.

மறுநாள் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் மஹ்ஜூபா கதவைத் தட்டினாள். நீலப் பூ போட்ட கிண்ணம், மேலே தட்டு மூடியிருந்தது. "ரெண்டு வாட்டி வடிச்சுட்டேன் யம்னா, பயமில்லாம குடிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே கொண்டுபோய்த் தட்டைத் தூக்கினேன். கழுநீர் ஐயா. சுரைக்காயும் முட்டைக்கோஸும் வெளுத்துப்போய் மிதந்தன. மணமும் இல்லை, நிறமும் இல்லை. இதை என் மேசையில் வைப்பதா என்றுதான் முதலில் தோன்றியது. சாக்கடையில் ஊற்றினேன். கிண்ணத்தைக் கழுவினேன். என் பானையிலிருந்து மொண்டு ஊற்றி, அதே தட்டை மூடி, அவள் முன்னால் வைத்தேன்.

தூரியா தட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தயங்கினாள். மருத்துவமனை பயம் இன்னும் இருந்தது. "சிவப்பா இருக்கே மதினி, தக்காளியா?"

"நிறத்துக்கு இனிப்பு மிளகாய்த்தூள் போட்டிருப்பா" என்றேன்.

"ரெண்டு வாட்டி வடிச்சாங்களா?"

"வாசல்லயே சொல்லிட்டுத்தான் போனா."

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, கவனித்தீர்களா? மஹ்ஜூபா அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

தூரியா ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த வாய் குடித்தாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"யா அல்லாஹ்! இதுக்குப் பேருதான் சூப்பு. பத்தியக் காயிலயே இப்படி ஒரு ருசி கொண்டு வர்றாங்கன்னா மஹ்ஜூபா அக்கா சாதாரண ஆளில்ல! இதுல எதுவுமே சேர்க்க வேண்டாம், எதுவுமே குறைக்க வேண்டாம். இங்க பாருங்க, நீங்களும் ஒரு வாய் பாருங்களேன்."

அல்லால் தன் கிண்ணத்தை வைத்துவிட்டு அவளுடையதில் கரண்டியை விட்டான். அதே பானை. அதே கரண்டியால் நான் இரண்டு கிண்ணத்திலும் ஊற்றியது. அவன் தன்னுடையதில் ஒரு வாய் குடித்தான், மறுபடி அவளுடையதில் ஒரு வாய் குடித்தான்.

"அக்கா, கோவிச்சுக்காத" என்றான். "இது வேற மாதிரி இருக்கு. நீ ஒரு எட்டு போய் மஹ்ஜூபா அக்காகிட்ட கேட்டுக்கயேன், எப்படிப் பண்றாங்கன்னு."

நான் சிரித்தேன். வேறென்ன செய்வது? கேட்டுக்கொள்கிறேன் என்றேன்.

அன்று கிண்ணத்தில் பேரீச்சம்பழம் போட்டுத் திருப்பிக் கொடுத்தபோது தூரியா கதவிடுக்கிலிருந்து கத்தினாள், "மஹ்ஜூபா அக்கா, கலக்கிட்டீங்க! உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்!" மஹ்ஜூபாவுக்கு முதலில் திகைப்பு. தன் சமையலைப் பற்றி அவளுக்கே தெரியும், அவள் புருஷன் உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் பாராட்டியதில்லை. ஆனால் புகழ்ச்சி வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? இரண்டு மூன்று நாளில் அவளே நம்பிவிட்டாள். ஒரு நாள் வாசலில் நின்று எனக்கு வகுப்பெடுத்தாள். "எல்லாம் வெங்காயத்தை வதக்கறதுல இருக்கு யம்னா. அவசரப்படக் கூடாது. நீ கொஞ்சம் தீயைக் குறைச்சுப் பாரேன்" என்றாள். சரி என்றேன். அவளுடைய கழுநீரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சரி என்றேன்.

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தியிருக்கலாம். தூரியாவின் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு மதினி" என்றாள். ஆலிவ் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டேன். எதனால் என்று எனக்குத் தெரியும். இயந்திரத்தில் படுக்கிற நாளெல்லாம் கொஞ்சம் தேறிவிடுவாள். மறுநாள் மறுபடி கிண்ணத்துக்காகக் காத்திருப்பாள். பாங்கு சொல்வதற்கு முன்பே "மஹ்ஜூபா அக்கா கிண்ணம் வந்தாச்சா மதினி?" என்று குழந்தைபோலக் கேட்பாள். இத்தனை வருஷத்தில் என் சூப்பை யாரும் அப்படிக் குடித்ததில்லை ஐயா. அல்லாலும் குடித்ததில்லை. அவள் குடிக்கும்போது நான் எதிரே உட்கார்ந்து பார்ப்பேன். அவள் புகழ்வாள். ஒவ்வொரு வார்த்தையும் மஹ்ஜூபாவுக்குப் போகும். எனக்கு உள்ளே பாலும் ஊற்றும், நெருப்பும் பற்றும். நாளுக்கு நாள் கிண்ணத்தைக் கொஞ்சம் தளும்பத் தளும்ப ஊற்றினேன். முதலில் பருப்பை அடியில் விட்டுவிட்டு மேலாக மொண்டுகொண்டிருந்தேன். பிறகு அதையும் விட்டேன். அடியோடு கலக்கி மொண்டேன். கெட்டியாக இருந்தால்தானே ருசி.

வெள்ளிக்கிழமை இயந்திரத்தில் படுத்தால் பிறகு திங்கள்தான். நடுவில் சனியும் ஞாயிறும் கழுவுவதற்கு ஒன்றும் இல்லை. டாக்டரம்மா இதையும் சொல்லியிருந்தார், அந்த இரண்டு நாள்தான் கவனம் என்று. ரமலானின் கடைசி ஞாயிறு நான் மற்ற நாளைவிடப் பார்த்துப் பார்த்துச் சமைத்தேன். செலரி தண்டு அவ்வளவு இளசு. தக்காளி கையில் எடுத்தாலே மணத்தது. மாவு ஊற்றும்போது ஒரு கட்டி விழவில்லை. தூரியா ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, வெட்கத்தோடு, "இன்னும் கொஞ்சம் அனுப்பியிருக்கக் கூடாதா அந்த அக்கா" என்றாள்.

"தனியா ஒரு பாத்திரத்துல அனுப்பியிருக்கா, இரு" என்று சொல்லி உள்ளே போய் இன்னொரு கிண்ணம் நிரப்பிக்கொண்டு வந்தேன். அல்லால் "போதும்மா, பத்தியம்" என்றான். "வடிச்சதுதானே, பத்தியம்தானே இது" என்று அவனுக்கு நான்தான் பதில் சொன்னேன். அவள் அதையும் குடித்தாள். கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துத் தின்றாள். "இப்படி ஒரு சூப்பு என் ஆயுசுல குடிச்சதில்ல" என்றாள்.

திங்கள் காலை மருத்துவமனைக்குக் கிளம்பினாள். அங்கி போட்டுக்கொண்டு வாசற்படி வரை நடந்து வந்தாள். கால் வரவில்லை என்று படியில் உட்கார்ந்தாள். அல்லால் டாக்ஸி கூப்பிடத் தெருமுனைக்கு ஓடினான். அவன் திரும்பி வருவதற்குள் என் தோளில் சாய்ந்துவிட்டாள். முகத்தில் வேதனை எதுவும் இல்லை. அதை அல்லாலிடம் சொன்னேன், அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.

மௌத்து வீட்டில் பெண்கள் கூடினார்கள். ரமலானில் போயிருக்கிறாள், சொர்க்கத்து வாசல் திறந்திருக்கிற மாதம், கொடுத்துவைத்தவள் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். அப்போது மஹ்ஜூபா உள்ளே வந்தாள். மார்பில் அடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடைசியா அவ வயித்துக்குப் போனது என் கைச் சூப்புதான் யம்னா! இப்படி ஒரு சூப்பு ஆயுசுல குடிச்சதில்லன்னு சொன்னாளாமே, அல்லால் சொல்லி அழுதான். அந்த நாக்குக்கு நான் ஒரு நல்ல வாய் கொடுத்து அனுப்பியிருக்கேன், எனக்கு அது போதும்."

பெண்கள் எல்லோரும் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். என் வீட்டில், என் தம்பி மனைவியின் மௌத்துக்கு வந்து, என்னைத் தாண்டிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். உன் கைக்குக் கூலி உண்டு மஹ்ஜூபா, நோயாளி வாயில் ருசி வைத்திருக்கிறாய், அல்லாஹ்விடம் கூலி உண்டு என்றார்கள். நான் சும்மா இருந்தேன். எவ்வளவு சிரமப்பட்டுச் சும்மா இருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அன்று மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது தூரியாவின் ரத்தத்தை எடுத்து வைத்திருந்தார்கள் என்பது பெருநாளுக்கு மறுநாள்தான் தெரிந்தது. அந்தப் பொட்டாசியச் சத்து எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாம். டாக்டரம்மா என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார், அல்லால் மஹ்ஜூபா பேரைச் சொன்னான். நீங்கள் அவளைக் கூப்பிட்டு வந்தீர்கள். அதில் உங்கள்மேல் தப்பில்லை.

இன்று உங்கள் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். மஹ்ஜூபா ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றார். நான்தான் கொன்னுட்டேன், ரெண்டாவது வாட்டி வடிக்க மறந்திருப்பேன், இல்லன்னா அந்த ருசி எங்கேருந்து வந்திருக்கும் என்று சொல்லி அழுகிறாளாம். பாருங்கள், புகழையும் எடுத்துக்கொண்டாள், இப்போது பழியையும் தானே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள். மறந்திருப்பாளாம். மறந்தாலும் அவள் கையில் அந்த ருசி வந்துவிடுமா? வேண்டுமானால் அந்த அறைக்குள் ஒரு அடுப்பு வைத்து அவளைச் சமைக்கச் சொல்லிப் பாருங்கள். கடலைக்குத் தோலெடுக்கக்கூட அவளுக்குத் தெரியாது.

கேட்டவுடனே முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒரு பாவமும் அறியாதவள் தண்டனை அனுபவிக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு. அல்லால் தடுத்தான். "நீ எதுக்குக்கா அங்க போற?" என்று கேட்டான். அவன் தைத்துக்கொண்டிருந்தான். தூரியாவுக்கென்று பெருநாளுக்காக ஆரம்பித்த அங்கி அது, பாதியில் நிற்கிறது. யாருக்காக முடிக்கிறான் என்று நான் கேட்கவில்லை. நான் மதியம் வைத்த சூப் அவன் பக்கத்தில் ஏடு கட்டிப் போயிருந்தது. தொடவில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். எல்லாம் தெரிந்து, தெளிந்த புத்தியோடு, நானே செய்தேன். தூரியாவைக் கொன்றது நான்தான். கிண்ணம் மட்டும்தான் மஹ்ஜூபாவுடையது, சூப் என்னுடையது. இதை அல்லாலிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது. கத்துவான், அழுவான், இனி என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்பான். சொல்லட்டும். எல்லாம் சொல்லி ஓய்ந்தபிறகு, அவன் இரண்டு கிண்ணத்திலும் கரண்டி விட்டுப் பார்த்தானே, அந்தச் சூப் எப்படி இருந்தது என்று அவன் வாயால் ஒரு முறை கேட்டு வந்து என்னிடம் சொல்லுங்கள் ஐயா.